கிரைண்டர் அப்புறம், வைஸ் முதலில்: வீட்டில் இரும்புப் பட்டறை போடுகிறவர்களுக்கு

வீட்டிலேயே கொஞ்சம் இரும்பு வேலை பழகலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஆங்கிள் கிரைண்டர். சத்தம் போடும், தீப்பொறி பறக்கும், வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் அறுக்க வேண்டிய இரும்பைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒன்றும் இருக்காது. வாசற்படியில் வைத்து, ஹவாய் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பார்கள். நம் வேலூரில், காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இந்தக் காட்சிக்குக் குறைவே இல்லை.

வாங்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் இரும்பைத் தாடைக்குள் இறுக்கிப் பிடிக்கிற வைஸ், அடுத்து அளக்கிற கருவி, அப்புறம் கையால் அறுத்து ராவுகிற (அரத்தால் தேய்க்கிற) கருவி, கடைசியில்தான் மின்சாரத்தில் ஓடுவது. இந்த வரிசையில் போனால் கையில் இருக்கிற பணத்துக்கேற்ப மாதம் ஒன்றாக வாங்கலாம். வாங்கியது எதுவும் மூலையில் கிடக்காது.

இடம்

தனி ஷெட் தேவையில்லை. ஆறடிக்கு நாலடி இடம், மேலே நிழல், பக்கத்தில் எர்த் உள்ள ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும். தகரக் கூரை போட்ட ஷெட்டாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் அதற்குள் நின்று வேலை செய்ய முடியாது. வெயிலில் கிடந்த ஆங்கிளை (எல் வடிவ இரும்புப் பட்டை) வெறும் கையால் தொடவும் முடியாது. காலை ஆறிலிருந்து பத்துக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம். மத்தியானம் தெருவே படுத்திருக்கும் நேரத்தில் கிரைண்டரை ஓட்டினால் அக்கம்பக்கத்து உறவும் கெடும்.

கிராமத்துப் பக்கம் என்றால் கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர் இரண்டும் பொறி பறக்கும் திசையில் இருக்கக் கூடாது. டவுனில் என்றால் ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ், பைக் மூன்றையும் கவனியுங்கள். கிரைண்டர் பொறி என்பது உருகிய இரும்புத் துகள். கண்ணாடியில் பட்டால் பதிந்து ஒட்டிக்கொள்ளும், துணியால் துடைத்தால் போகாது. டைல்ஸில் விழுந்த துகள் முதல் மழைக்கே துருப் புள்ளியாகப் பூத்துவிடும். பைக்கின் பெட்ரோல் டேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைஸ்

முதல் செலவு இதுதான், பெரிய செலவாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வேலைக்கு 4 இன்ச் தாடை போதும். கனமான ஆங்கிள் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் 5 இன்ச். புதிதாக வாங்கும் மட்டமான வைஸை விட, மூடிய பட்டறையிலிருந்து வரும் பழைய வைஸ் பல சமயம் நல்லதாக அமையும். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் அவ்வப்போது கண்ணில் படும். பார்க்கும்போது மூன்றைப் பாருங்கள். தாடை இரண்டையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையில் ஒரே சீராக வெளிச்சம் தெரிய வேண்டும், அல்லது தெரியவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தெரிந்தால் தாடை கோணி விட்டது. கைப்பிடியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் வெறுமனே சுழன்றால் திருகு தேய்ந்திருக்கிறது. கடைசியாக, அடிப்பாகத்தில் வெல்டிங் போட்ட தடம் இருக்கிறதா பாருங்கள். வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒருமுறை உடைந்து ஒட்டியது மறுபடி அங்கேயேதான் விடும்.

பொருத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வைஸின் மேல் தாடை உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை தாடைமேல் உட்கார வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒரு மணி நேர அரம் வேலைக்கே இடுப்பு பேசும். நகராத தாடை மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான பட்டையைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அதன் அடிப்பாகம் மேசையில் இடிக்காமல் கீழே தொங்கும். மேசைக்கு ஆங்கிள் சட்டமும் அதன்மேல் இரண்டு இன்ச் கட்டைப் பலகையும் நல்லது. சமையலறையில் மிஞ்சிய கடப்பாக்கல் கிடக்கிறதே என்று அதில் பொருத்தாதீர்கள். நாலு சுத்தியல் அடியில் போல்டு ஓட்டையிலிருந்து விரிசல் ஓடிவிடும்.

கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்குவதும், சுத்தியலால் தட்டி இறுக்குவதும் வேண்டாம். கை பலம் போதும். தாடையின் பல் பதியாமல் இருக்க அலுமினிய ஆங்கிள் துண்டு இரண்டை வெட்டித் தாடைமேல் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவும் கோடும்

300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஒரு டேப், செங்கோணம் பார்க்க 6 இன்ச் மூலமட்டம், இரும்பில் கோடு கீற ஸ்க்ரைபர், ஓட்டைக்குக் குழி போட சென்டர் பஞ்ச். ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரைப் பிறகு வாங்கலாம், வாங்கினால் 0.02 மி.மீ. வரை காட்டுவதாக வாங்கி, வியர்வைக் கையால் எடுத்தால் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைரேகையே அதில் துருவாக எழும்பும்.

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே, மட்டமான சரக்கோ என்று சந்தேகப்பட வேண்டாம். கொக்கியின் தடிமன் அளவுக்கே அது ஆட வேண்டும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அழுத்தினாலும் ஒரே அளவு வருவதற்கான ஏற்பாடு அது. ஆணி அடித்து அதை ஆடாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இரும்பில் பென்சில் கோடு தெரியாது. சாக்பீஸைத் தேய்த்து அதன்மேல் ஸ்க்ரைபரால் ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். இரண்டாவது முறை இழுத்தால் கோடு இரண்டாகிவிடும். எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுங்கள். ஓட்டைக்கு ஓட்டை அளந்துகொண்டு போனால் ஒவ்வொரு அளவிலும் விழும் அரை மில்லி பிழை கடைசி ஓட்டையில் மொத்தமாக வந்து நிற்கும்.

இரும்பு வாங்கும்போது

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) பட்டை, ஆங்கிள், ஸ்கொயர் டியூப் எல்லாம் எடைக்கு விற்பது. முழு நீளம் வழக்கமாக 6 மீட்டர், அதாவது இருபது அடிக்குச் சற்றுக் குறைவு. கடைக்குப் போகுமுன் எடையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்கு அகலத்தையும் தடிமனையும் மி.மீ.யில் பெருக்கி, 0.00785-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 25-க்கு 5 பட்டை மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 25-க்கு 25-க்கு 3 ஆங்கிள் சுமார் 1.1 கிலோ. தராசு ரொம்பக் குறைவாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். தடிமன் குறைந்த சரக்கு என்று அர்த்தம்.

கடைக்காரர் 'எத்தனை நூல் தம்பி?' என்று கேட்டால் விழிக்க வேண்டாம். ஒரு நூல் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 3 மி.மீ. 'ரெண்டு நூல்ல குடுங்கண்ணே' என்றால் 6 மி.மீ. வரும்.

பழைய இரும்புக் கடையில் எடுப்பது சிக்கனம்தான், ஆனால் என்ன இரும்பு என்று தெரிந்து எடுக்க வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டை பார்க்க அருமையாக இருக்கும். ஹாக்ஸாவை (இரும்பறுக்கும் கை ரம்பம்) வைத்தால் பிளேடின் பல்தான் போகும், பட்டை லேசில் அறுபடாது. பையில் ஒரு பழைய அரத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஓரத்தில் ஒரு தேய்ப்பு. அரம் கடித்தால் சாதா இரும்பு. கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கினால் அது கெட்டிப்படுத்திய எஃகு, ஆரம்பக்காரருக்கு வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை நம் வட்டாரத்துக்கே உரியது. தோல் தொழிற்சாலைகள் இருக்கிற ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் காலி டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதை அடுப்பாக்குகிறேன், தொட்டியாக்குகிறேன் என்று கிரைண்டரோ வெல்டிங்கோ வைக்காதீர்கள். காலி டிரம்முக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கழுவிவிட்டேன் என்பது போதாது.

முதல் வேலை: சுவரில் மாட்டும் பிராக்கெட் ஒரு ஜோடி

கையால் செய்கிற எல்லா வேலையும் இந்த ஒரு பொருளில் வந்துவிடும். மெஷின் என்று பார்த்தால் டிரில் மட்டும் வேண்டும். 25-க்கு 5 எம்.எஸ். பட்டை முக்கால் மீட்டர் வாங்குங்கள். சுவரோடு ஒட்டும் கால் உள்ளளவு 180 மி.மீ., பலகை தாங்கும் கை 150 மி.மீ. வளைத்தால் எவ்வளவு நீளம் வேண்டும்? உள்ளளவு இரண்டையும் கூட்டி, தடிமனில் பாதியைச் சேருங்கள்: 180, 150, 2.5. மொத்தம் 332.5. இரண்டு துண்டு. ராவுவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி கூடுதலாக விட்டு அறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாக்ஸா பிளேடில் இன்ச்சுக்கு 18, 24, 32 பல் என்று மூன்று வகை சாதாரணமாகக் கிடைக்கும். எந்த நேரமும் மூன்று பல்லாவது இரும்பின்மேல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பட்டைக்கும் ஆங்கிளுக்கும் 24, மெல்லிய தகடுக்கும் டியூபுக்கும் 32, தடித்த இரும்புக் கட்டைக்கு 18. டியூபை 18 பல் பிளேடால் அறுத்தால் இரண்டு பல்லுக்கு நடுவில் சுவர் மாட்டிக்கொண்டு பல் உதிரும். பிளேடின் பல் உங்களை விட்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெட்டுவது தள்ளும்போதுதான். இழுக்கும்போது அழுத்தம் வேண்டாம். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது வீச்சுக்கு மேல் போகாதீர்கள். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் பிளேடு சூடாகிப் பல் மழுங்கும்.

கோட்டுக்கும் வைஸ் தாடைக்கும் ஒரு விரல் இடைவெளி போதும். தள்ளிப் பிடித்தால் பட்டை அதிர்ந்து காது கூசும். முதல் கீறலுக்கு முக்கோண அரத்தால் விளிம்பில் ஒரு சின்ன பள்ளம் போட்டுவிட்டால் பிளேடு வழுக்காது. பாதியில் பிளேடு உடைந்தால் புதுப் பிளேடை அதே வெட்டில் விடாதீர்கள். பழைய பிளேடின் பல் விரிவு தேய்ந்து வெட்டு குறுகியிருக்கும், புதியது அதில் இறுகி மறுபடி உடையும். பட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து சேருங்கள்.

அடுத்து அரம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் பிடிக்கக் கொடுத்தது அரமாகத்தான் இருக்கும். அதில் நியாயம் இருக்கிறது, கை நேராக ஓடுகிறதா என்று அரம் ஒன்றுதான் உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டு வாங்குங்கள்: 12 இன்ச் ஃபிளாட் பாஸ்டர்டு (பல் பெரியது) ஒன்று, 8 இன்ச் அரைவட்ட செகண்ட் கட் (பல் நெருக்கமானது) ஒன்று. இதில் மட்டும் விலை பார்க்க வேண்டாம். ஜே.கே. மாதிரி பெயர் தெரிந்த அரமாக வாங்கி, கூடவே மரக் கைப்பிடியும் வாங்குங்கள். கைப்பிடி இல்லாத அரத்தின் வால், அரம் எங்காவது முட்டி நின்றால் நேராக உள்ளங்கையில்தான் ஏறும்.

பட்டை இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, ஒரே முனை சமமாக வரும்படி வைஸில் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவாக வர இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இடது காலை முன்னே வைத்து நில்லுங்கள். வலது உள்ளங்கையில் கைப்பிடி, இடது கை அரத்தின் நுனியில். தள்ளத் தொடங்கும்போது இடது கை அழுத்தும். போகப்போக அழுத்தம் வலது கைக்கு மாறும். இந்த மாற்றம் வராவிட்டால் முனை இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் மேடு விழும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். பத்து தேய்ப்புக்கு ஒருமுறை மூலமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இடையில் மயிரிழை வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிகிறதோ அதன் எதிர்ப்பக்கம் மேடு.

ராவிய இடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தடவினால் கை எண்ணெய் ஒட்டி அடுத்த தேய்ப்பு வழுக்கும், பிசிரும் விரலில் ஏறும். இரும்புத் தூளை வாயால் ஊதவும் வேண்டாம், கண்ணுக்குத்தான் போகும். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை வைஸ் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அரத்தின் பல்லில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ராவினால் தூள் இடுக்கில் இறுகாது. இறுகியதைக் கம்பி பிரஷால் பல் போகும் சாய்விலேயே இழுத்து எடுங்கள். அரத்தை நெம்புகோலாக்குவதும், சுத்தியலால் அடிப்பதும் கூடாது. அது கண்ணாடிமாதிரி உடைந்து தெறிக்கும்.

இப்போது ஓட்டை. வளைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், தட்டையாக இருக்கும்போது பிடிப்பது சுலபம். சுவர்ப் பக்கம் இரண்டு ஓட்டை 6.5 மி.மீ., பலகைப் பக்கம் இரண்டு 5 மி.மீ. கோடு கோட்டை வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்சை முதலில் சாய்த்து வைத்து முனை சரியாக விழுகிறதா பார்த்து, நிமிர்த்தி ஒரே அடி. அந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் பிட் நடனம் ஆடிக்கொண்டு போகும்.

கடையில் டிரில் பிட் கேட்கும்போது எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று சொல்லுங்கள். மிரண்டா பிராண்டு என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் தெரியும். சுவர் துளைக்கும் பிட்டின் நுனியில் தனியாக ஒரு துண்டு பதித்திருக்கும். அதை இரும்பில் வைத்தால் கத்தும், துளைக்காது. டிரில்லில் ஹாமர் குறி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். முதலில் 3 மி.மீ. பிட்டால் வழிவிட்டு, பிறகு பெரியது. சாதா இரும்புக்கு 10 மி.மீ. பிட் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, 6.5-க்குச் சுமார் 1,200. ட்ரிக்கரை முழுதாக அமுக்கினால் கை டிரில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். அதனால் பாதி அமுக்குங்கள், ஆனால் நன்றாக அழுத்துங்கள். சரியாகப் போனால் சுருள்சுருளாகக் கழிவு வரும். தூளாக வந்து கிறீச்சிட்டால் பிட் மழுங்கியிருக்கிறது அல்லது வேகம் அதிகம். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கூலன்ட் இல்லாவிட்டால் வண்டிக்கு ஊற்றும் என்ஜின் ஆயிலே போதும்.

அடிப்பக்கம் துளைத்து வெளியே வரும் அந்தக் கடைசி நொடியில் அழுத்தத்தைக் குறையுங்கள். பிட் இரும்பைக் கவ்வி முறுக்குவது அப்போதுதான். பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளைத்தால் அது விசிறிபோல் சுழன்று விரலை வெட்டும். வைஸில் பிடியுங்கள். டிரில் ஓட்டும்போது கையுறை போடக் கூடாது, அதைச் சுற்றிக்கொண்டால் கையும் கூடப் போகும். துப்பட்டா, லுங்கி முனை, தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றுக்கும் இதே விதி. துளைத்து முடித்தால் இரண்டு பக்கமும் பெரிய பிட்டைக் கையால் லேசாகச் சுழற்றிப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

வளைப்பது ஐந்து நிமிட வேலை. 180 மி.மீ. கோடு தாடையின் மேல்விளிம்போடு சரியாக நிற்கும்படி, மூலமட்டம் வைத்துச் செங்குத்தாகப் பிடித்து நன்றாக இறுக்குங்கள். நகராத தாடைப் பக்கம் சாயும்படி முதலில் கையால் தள்ளி, பிறகு சுத்தியலால் தாடைக்குப் பக்கத்தில் அடியுங்கள். நுனியில் அடித்தால் பட்டை வில்லாக வளையும், மூலை கூராக வராது. ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, காய்ந்ததும் எனாமல். பெயின்டுக்கு முன் தின்னர் தொட்ட துணியால் எண்ணெயைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் தோல் உரியும்.

இப்போது கிரைண்டர்

பிராக்கெட் ஒரு ஜோடி செய்து முடித்தவருக்கு கிரைண்டர் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று தானாகத் தெரியும். 4 இன்ச் போதும். டிஸ்க் எங்கும் கிடைக்கும், ஒரு கைக்கு அடங்கும். கூட வரும், டிஸ்க்கை மறைக்கும் கார்டையும் பக்கக் கைப்பிடியையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் சேராதீர்கள். நிமிடத்துக்குப் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் சுற்று ஓடும் டிஸ்க் உடைந்தால் துண்டு எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கார்டுதான்.

டிஸ்க் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்ட உச்ச வேகம் உங்கள் மெஷின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா பாருங்கள். நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள், அதையும் பாருங்கள். ஈரத்தில் கிடந்தது, கீழே விழுந்தது, ஓரம் உடைந்தது எதையும் மாட்ட வேண்டாம். மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, தேய்க்க தடித்த கிரைண்டிங் டிஸ்க் தனி. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டி விற்கிறார்கள். அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள்.

அறுக்கும்போது டிஸ்க்கின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். அறுந்து விழும் துண்டு தாராளமாகக் கீழே விழ வேண்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு டிஸ்க்கைக் கவ்வும், மெஷின் எகிறும். புது டிஸ்க் மாட்டினால் யார் பக்கமும் திருப்பாமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை.

கண்

சாதா மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். மூடிய காகிள்ஸ் போட்டு, கிரைண்டருக்கு அதன்மேல் முகக் கவசமும் போடுங்கள். அப்படியும் கண்ணில் துகள் விழுந்துவிட்டால், தெருவில் ஒருவர் துணி நுனியாலும் தீக்குச்சியாலும் எடுத்துவிடுகிறேன் என்று வருவார். அவரை வணங்கி அனுப்பிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. இரும்புத் துகள் கருவிழியில் ஒருநாள் தங்கினாலே சுற்றிலும் துரு வளையம் பிடிக்கும், பிறகு அதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

உடைக்கு பருத்தி. பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். காலுக்கு மூடிய ஷூ. வெல்டிங் கையுறை தோலாக இருக்கட்டும். தோல் ஊரில் இருந்துகொண்டு ரெக்ஸின் கையுறை வாங்குவது அவமானம்.

வெல்டிங் மெஷின்

இதைக் கட்டுரை படித்துப் பழக முடியாது. தெரிந்த பட்டறையில் அண்ணனோ மாமாவோ ஒருவர் பக்கத்தில் நான்கைந்து நாள் நின்று பாருங்கள். வாங்குவதென்றால் சிங்கிள் பேஸில் ஓடும் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் வீட்டுக்குப் போதும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மீட்டரிலிருந்து தடித்த ஒயர் வேண்டும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் சுருள் சூடேறி உருகும். கிராமத்தில் மாலை நேரம் வோல்டேஜ் இறங்கினால் ராடு (உருகி இணைக்கும் வெல்டிங் குச்சி) இரும்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கைத்தவறு என்று நினைத்து நொந்துகொள்ள வேண்டாம், விடிகாலையில் பிடித்துப் பாருங்கள்.

தொடக்கத்துக்கு 6013 ராடு, 2.5 மி.மீ., 70 முதல் 80 ஆம்பியர், 5 மி.மீ. பட்டைத் துண்டுகள். ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் தடிமன் அளவே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ராடு ஈரம் வாங்கி, பற்றாமல் சடசடக்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள்.

வெயில் காலத்தில் ஒரு ஆபத்து கூடுதல். பற்ற வைக்காமல் நிற்கும்போது ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். உலர்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டை, நனைந்த கையுறை என்றால் கதையே வேறு. கையுறையை மாற்றுங்கள், வெறுங்காலோடு மண் தரையில் நிற்காதீர்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை வரும், ராத்திரி குளிர் காய்ச்சல் போல் உடம்பை முறுக்கும். பூச்சை ராவி எடுத்துவிட்டு, காற்று ஓடும் இடத்தில் செய்யுங்கள். கவசம் இல்லாமல் ஒளியைப் பார்த்தவருக்கு ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரியும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதற்கும் டாக்டர்தான்.

துரு

பாலாற்றில் தண்ணீர் வராவிட்டாலும் வடகிழக்குப் பருவமழை நம் கருவிகளுக்கு வந்துவிடும். அரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் துணியில் தனித்தனியே சுற்றி வையுங்கள். ஸ்கேல், மூலமட்டம், வெர்னியர் மூன்றையும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். பெட்டிக்குள் கற்பூரம் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு எண்ணெய்த் துணிமேல்தான் நம்பிக்கை. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, மறுநாள் அந்தப் பொட்டைத் துடைத்து எண்ணெய் போட மறக்காதீர்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகத் துரு விழும்.

லேத் வாங்கலாமா?

சிலருக்கு ஆறே மாதத்தில் கடைசல் மெஷினான லேத் மேல் ஆசை வந்துவிடும். வேண்டாம். ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. வருஷத்துக்கு நாலு புஷ் (ஷாஃப்டில் மாட்டும் உருளை வளையம்) கடைவதற்கு வீட்டில் அரை டன் இரும்பை உட்கார வைக்க வேண்டியதில்லை. அங்கே போகும்போது பேப்பரில் படம் வரைந்து, எல்லா அளவையும் மி.மீ.யில் எழுதி, எந்த அளவு மிகச் சரியாக வர வேண்டும், எதில் அரை மில்லி முன்பின் போகலாம் என்று குறித்துக்கொண்டு போங்கள். மாட்ட வேண்டிய ஷாஃப்டையோ பேரிங்கையோ கையோடு எடுத்துப் போங்கள். மிஷின் நின்றிருக்கும் காலை நேரத்தில் போனால் மாஸ்டர் நின்று கேட்பார். சாயங்கால அவசரத்தில் போனால் 'வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்' என்பதோடு சரி.